மாற்று இல்லாதவர்களின் மருந்து

டென்மார்க்கைச் சேர்ந்த நோவோ நார்டிஸ்க் நிறுவனம் இந்தியாவில் விற்றுவந்த மனித இன்சுலின் பேனா வகைகள் சிலவற்றைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2025 ஏப்ரலில் செய்தி வெளியானது. குப்பியில் அடைக்கப்பட்ட அதே இன்சுலின் தொடர்ந்து கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டது. பலரும் அதை ஒரு வணிகச் செய்தியாகவே படித்துக் கடந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் கடந்திருப்பேன். மறுநாள் காலையில் என் அக்கா தொலைபேசியில் அழைத்து, "என்னோட ஊசியையும் நிறுத்திடுவாங்களாடா?" என்று கேட்ட பிறகுதான், அந்தச் செய்தியை மீண்டும் ஒருமுறை ஊன்றிப் படித்தேன்.

அக்காவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோய். எட்டு ஆண்டுகளுக்கு முன் பித்தப்பை அறுவைச் சிகிச்சையின்போது சில மாதங்கள் இன்சுலின் போட்டுக்கொண்டார். பிறகு மாத்திரைக்குத் திரும்பினார். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்ததால் மீண்டும் இன்சுலின் தொடங்க வேண்டியிருந்தது. இரண்டாவது வாரத்தில், ஊசி போட்ட இடமெல்லாம் கொசு கடித்ததுபோலத் தடித்தது. அடுத்த வாரம் அந்தத் தடிப்பு ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு வளர்ந்தது. ஓர் இரவு ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் உடல் முழுவதும் அரிப்பும் உதட்டில் வீக்கமும் வந்து, மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தது.

'கம்பெனியை மாற்றிப் பார்ப்போம்' என்றார் மருத்துவர். மாற்றினோம். அதே தடிப்பு. மீண்டும் மாற்றினோம். மூன்றாவது நிறுவனத்தின் மருந்தை வாங்கப் போனபோது மருந்துக் கடைக்காரர், "எந்தக் கம்பெனியா இருந்தா என்ன சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் நடத்தியவனுக்கு அந்தச் சொற்றொடர் மிகப் பழக்கமானது. முழுமையான பதிலீட்டுப் பண்டங்கள் என்று முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நாங்கள் கற்பிப்பது அதைத்தான். நுகர்வோருக்கு இரண்டு பண்டங்களுக்கு இடையே எந்த வேறுபாடும் தெரியவில்லை என்றால் அவை ஒரே பண்டம். விலை குறைந்ததை வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. மூன்றும் உண்மையிலேயே ஒன்றாகத்தான் இருந்தன. அக்காவின் துன்பத்துக்குக் காரணமும் அதுதான்.

ஒவ்வாமைப் பிரிவு உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் தோல் பரிசோதனை செய்தபோது, உடல் எதிர்த்தது இன்சுலினை அல்ல, அதனுடன் சேர்க்கப்பட்டிருந்த புரோட்டமின் என்ற பொருளை என்று தெரிந்தது. மீனின் விந்தணுவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஒரு புரதம் அது. இன்சுலின் உடலில் உடனே கரைந்து தீர்ந்துவிடாமல் மெதுவாகச் செயல்படுவதற்காக அதைச் சேர்க்கிறார்கள். 1930-களில் டென்மார்க்கின் ஹாகெடோர்ன் கண்ட உத்தி இது. 1946-இல் செம்மைப்படுத்தப்பட்ட வடிவம் இன்றைக்கும் விற்பனையில் உள்ளது. அவர் இணைந்து நிறுவிய நார்டிஸ்க் ஆய்வகமும் நோவோ நிறுவனமும் 1989-இல் ஒன்றிணைந்து உருவானதுதான் இன்றைய நோவோ நார்டிஸ்க். நம் நாட்டில் மிகப் பரவலாகப் பயன்படும், காலையும் இரவும் போட்டுக்கொள்ளும் கலப்பு மனித இன்சுலின் எதை எடுத்தாலும், எந்த நிறுவனம் தயாரித்தாலும், அதில் புரோட்டமின் இருக்கும். அக்கா வாங்கிய மூன்றும் பெயரிலும் விலையிலும் மூன்றாக இருந்து, உடம்புக்குள் ஒன்றாகிவிட்டன.

சந்தையில் பெயர்கள் பல இருப்பது வேறு, பொருள்கள் பல இருப்பது வேறு. இன்சுலின் ஒவ்வாமை உள்ள சிறுபான்மைக்கு உயிர் காப்பது இரண்டாவது. நம் சட்டமும் கொள்முதல் முறையும் கணக்கிடுவதோ முதலாவதை.

இந்த ஒவ்வாமையின் வரலாறு இன்சுலினின் வரலாற்றுக்கு இணையான வயதுடையது. 1922 ஜனவரி 11-ஆம் நாள், டொரன்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டது. மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்ட அந்தச் சாறு தூய்மையற்றதாக இருந்ததால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி உண்டானது. சர்க்கரையும் போதிய அளவு குறையவில்லை. சிகிச்சை நிறுத்தப்பட்டது. காலிப் என்ற உயிர்வேதியியலாளர் இரவு பகலாக உழைத்துச் சாற்றைத் தூய்மைப்படுத்தித் தந்த பிறகு, ஜனவரி 23-இல் மீண்டும் தொடங்கி வெற்றி கண்டார்கள். உலகம் கொண்டாடும் அந்தக் கண்டுபிடிப்பின் முதல் நோயாளியே ஊசி போட்ட இடத்தின் வீக்கத்தால் துன்புற்றவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அதன் பின்னர் அறுபது ஆண்டுகள் மனிதர்கள் மாட்டு இன்சுலினையும் பன்றி இன்சுலினையும் போட்டுக்கொண்டார்கள். 51 அமினோ அமிலங்களால் ஆன மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு. மாட்டு இன்சுலினில் மூன்று. இந்தச் சிறு வேறுபாட்டையும் அன்றைய தயாரிப்புகளில் கலந்திருந்த பிற புரதங்களையும் நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டுகொண்டது. அன்று தோல் தடிப்பு என்பது இன்சுலின் போடுவோர் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே கருதப்பட்டது.

இங்கே சற்று விலகி ஒரு கதையைச் சொல்லத் தோன்றுகிறது. 1950-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் படைவீரர் மருத்துவமனையில் சாலமன் பெர்சன், ரோசலின் யாலோ என்ற இருவர், கதிரியக்க அயோடின் சேர்த்த இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்தி, அது இரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளந்தார்கள். நீரிழிவு நோயாளிகளின் உடலில் இன்சுலின் விரைவாக அழிகிறது என்பது அன்றைய ஊகம். அளந்து பார்த்தால் நேர்மாறாக, ஏற்கெனவே இன்சுலின் போட்டுவந்தவர்களின் இரத்தத்தில் அது கூடுதல் நேரம் தங்கியது. உடல் அதற்கெதிராக எதிர்ப்பொருளை உண்டாக்கி அதைப் பிடித்துவைத்திருந்ததே காரணம். இவ்வளவு சிறிய மூலக்கூறுக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகாது என்று அன்றைய அறிஞர்கள் நம்பியதால், ஆய்விதழ்கள் கட்டுரையை ஏற்க மறுத்தன. தலைப்பிலிருந்து 'எதிர்ப்பொருள்' என்ற சொல்லை நீக்கிய பிறகே 1956-இல் அது அச்சேறியது. அந்த எதிர்ப்பொருளையே அளவுகோலாக்கி, இரத்தத்தில் நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோன்களை அளக்கும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். அதற்காக 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். தம்மை மறுத்த கடிதத்தை யாலோ தமது நோபல் உரையிலேயே இடம்பெறச் செய்தார். அந்த முறைக்குக் காப்புரிமை பெற அவர்கள் இருவரும் முனையவில்லை என்பதைப் பொருளியல்காரனாக நான் குறித்துக்கொள்கிறேன். இன்சுலினைக் கண்டறிந்தவர்களும் தங்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குப் பெயருக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு கொடுத்தவர்கள்தாம்.

மரபணுத் தொழில்நுட்பத்தால் உருவான மனித இன்சுலின் 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது ஒவ்வாமை முற்றிலும் ஒழிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. பெருமளவு குறைந்தது என்பது உண்மை. இன்சுலின் போடுபவர்களில் ஆயிரத்தில் ஒருவர் முதல் நூற்றில் மூவர் வரை ஏதேனும் ஒவ்வாமைக்கு ஆளாவதாக இன்றைய மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. அவர்களிலும் பெரும்பாலோருக்கு ஊசி போட்ட இடத்தில் தோன்றி, சில வாரங்களில் தானே மறையும் தடிப்புதான். ஊசியின் நுனி, போடும் முறை, தோலைத் துடைக்கும் திரவம் ஆகியவை காரணமாக இருப்பதும் உண்டு. ஆயினும் ஒரு சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. சில நிமிடங்களில் வெளிப்படுவது ஒரு வகை. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து வலியுடன் தடிப்பது மற்றொரு வகை. ஒரு நாளுக்குப் பின் கட்டியாகத் தோன்றுவது இன்னொரு வகை. இன்சுலினை ஒருமுறை தொடங்கி, நிறுத்தி, ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்குபவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அக்காவுக்கு நேர்ந்தது அதுவே.

எதிர்ப்பு எதன்மீது என்பதைப் பொறுத்தே வழி அமையும். புரோட்டமின் என்றால், அது இல்லாத நீண்டநேர இன்சுலினுக்கு மாறலாம். துத்தநாகம் என்றால், அது சேர்க்கப்படாத குளுலிசின் என்ற வகை உள்ளது. மருந்து கெடாமல் காக்கும் மெட்டாகிரசால் என்றால் சிக்கல் பெரிது. ஏறத்தாழ எல்லா இன்சுலின்களிலும் அதுவோ அதன் உறவான பீனாலோ இருக்கின்றன. இன்சுலின் மூலக்கூறே என்றால், உடலைப் பழக்கப்படுத்தும் சிகிச்சைதான் பெரும்பாலும் வழி. ஓர் அலகின் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான அளவில் தொடங்கி, மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் படிப்படியாக உயர்த்துவார்கள். உடல் பழகிக்கொண்ட பிறகு ஒரு நிபந்தனை உண்டு: மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பழக்கம் கலைந்து, ஒவ்வாமை முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த நிபந்தனையை ஒரு பொருளியல் மாணவர் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சாதாரண நோயாளிக்கு ஒரு வாரம் அவரது மருந்து கடையில் இல்லையென்றால், வேறு பெயரில் உள்ளதை வாங்கிக்கொள்வார். இழப்பு, அலைச்சல் மட்டுமே. பழக்கப்படுத்தும் சிகிச்சை பெற்றவருக்கு அதே ஒரு வாரத் தட்டுப்பாடு, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டிய இழப்பு. ஒரே தட்டுப்பாட்டின் விலை இருவருக்கும் ஒன்றன்று. சராசரியைக் கொண்டு கணக்கிடும்போது இரண்டாமவர் மறைந்துவிடுகிறார்.

இனி மீண்டும் சந்தைக்கு வருவோம். உலக இன்சுலின் விற்பனையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நோவோ நார்டிஸ்க், எலி லில்லி, சனோஃபி ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் உள்ளது. சிலவர் முற்றுரிமைக்குப் பாடநூல் எடுத்துக்காட்டு இது. சிலவர் முற்றுரிமை என்றால் விலை ஏறும் என்று கற்பிப்போம். பொருள் வகைகள் குறையும் என்பதை அவ்வளவு அழுத்திக் கற்பிப்பதில்லை. நானும் கற்பித்ததில்லை.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். நோவோ நார்டிஸ்க் தனது லெவெமிர் என்ற நீண்டநேர இன்சுலினை நிறுத்தப்போவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. 2024 இறுதியோடு அங்கு அதன் விற்பனை முடிவுக்கு வந்தது. உற்பத்தித் திறனில் நெருக்கடி, காப்பீட்டு நிறுவனங்களின் மருந்துப் பட்டியல்களில் இடம் இழந்தது, மாற்று மருந்துகள் கிடைப்பது ஆகியவை நிறுவனம் கூறிய காரணங்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் லெவெமிரின் பட்டியல் விலையை 65 விழுக்காடு குறைப்பதாக அந்நிறுவனம் அறிவித்திருந்தது. 2024 ஜனவரி முதல், பட்டியல் விலையை உயர்த்திவந்த நிறுவனங்கள் ஏழையருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தர வேண்டிய தள்ளுபடியின் உச்சவரம்பும் நீங்கியது. விலை குறைந்தது, லாபம் சுருங்கியது, பொருள் மறைந்தது. விலைக் குறைப்பைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அந்த மூன்றாவது படியை எதிர்பார்த்தார்கள் என்று தெரியவில்லை. பிரிட்டனிலும் 2026 இறுதிக்குள் லெவெமிர் விடைபெறுகிறது. தென்னாப்பிரிக்காவிலோ, அரசு மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் பேனாக்களை வழங்கும் ஒப்பந்தம் முடிந்த பிறகு அந்நிறுவனம் அதைப் புதுப்பிக்கவில்லை. 2024-இல் நோயாளிகள் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் திரும்ப நேர்ந்தது. எடைக் குறைப்புக்குப் புகழ்பெற்ற செமாகுளூடைடு வகை மருந்துகளுக்கு உலகமெங்கும் தேவை பெருகிய ஆண்டுகள் இவை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

'மாற்று மருந்துகள் கிடைக்கின்றன' என்ற காரணம் பெரும்பான்மைக்கு உண்மை. ஆனால் நீண்டநேர இன்சுலின்கள் ஒவ்வொன்றும் மெதுவாகச் செயல்பட வெவ்வேறு உத்தியைக் கையாள்கின்றன. பழைய வகை புரோட்டமினை நம்பியிருக்கிறது. கிளார்ஜின், அமிலத்தன்மையுள்ள கரைசலாகச் செலுத்தப்பட்டுத் தோலுக்கடியில் படிந்து மெல்லக் கரைகிறது. லெவெமிரின் உள்ளடக்கமான டெட்டிமிர், கொழுப்பமிலம் ஒன்றின் துணையால் இரத்தத்தின் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு தாமதிக்கிறது. டெக்லுடெக் தோலுக்கடியில் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரிகிறது. நான்கு வழிகள், நான்கு வாயில்கள். ஒரு வாயில் அடைபட்டாலும் சராசரி நோயாளி மற்ற மூன்றின் வழியே போய்விடுவார். மூன்று வாயில்கள் ஏற்கெனவே அடைபட்ட ஒருவர், நான்காவதும் மூடப்படும்போது எங்கே போவார்?

விலங்கு இன்சுலின் மறைந்த கதையும் இதுவே. அமெரிக்காவில் மாட்டு இன்சுலின் தயாரிப்பு 1998-இலும் பன்றி இன்சுலின் தயாரிப்பு 2006-இலும் நின்றன. மனித இன்சுலின் ஒத்துக்கொள்ளாத சிலர் பன்றி இன்சுலினில் நலமாக இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வழி, மருத்துவர் சான்றுடன் வெளிநாட்டிலிருந்து சொந்தச் செலவில் வரவழைப்பது. முன்னேற்றம் என்று நாம் அழைப்பது பெரும்பாலோருக்கு முன்னேற்றமாகவும் சிலருக்கு வாயில் அடைப்பாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். பழையதைக் காலமெல்லாம் தயாரிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அடைக்கப்படும் வாயிலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் கடமை ஒருவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை என்பதே என் குறை.

இந்தியாவில் அந்தக் கடமைக்கான சட்டத்தின் அடித்தளம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அட்டவணையில் உள்ள ஒரு மருந்தை நிறுத்த விரும்பும் நிறுவனம் ஆறு மாதங்களுக்கு முன்பே பொது அறிவிப்பு வெளியிட்டு அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். பொதுநலன் கருதி ஓராண்டு வரை உற்பத்தியையோ இறக்குமதியையோ தொடருமாறு அரசு ஆணையிடலாம். நல்ல விதி. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. அட்டவணையில் இல்லாத மருந்துக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது. 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளார்ஜின் சேர்க்கப்பட்டதால் அக்காவின் மருந்துக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. புதிய வகைகள் பலவற்றுக்கு இல்லை. இரண்டாவது ஓட்டை நுட்பமானது. விதி மருந்தின் பெயரையும் அளவையும் கொண்டு மருந்தைப் பார்க்கிறது. அதே பெயரிலும் அளவிலும் வேறு நிறுவனங்களின் சரக்கு சந்தையில் இருந்தால் தட்டுப்பாடு இல்லை என்றே அதிகாரி முடிவு செய்வார். கூட்டப்பட்ட துணைப்பொருள் எது, எந்த நுண்ணுயிரில் வளர்த்தது என்பவை அந்தக் கணக்கில் இல்லை. மருந்துக் கடைக்காரர் சொன்ன அதே வாக்கியம்தான் இங்கே அரசு மொழியில்.

நம் நாட்டுக்கு ஒரு சாதகம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பயோகான், வோக்கார்ட் போன்ற இந்திய நிறுவனங்கள் 2000-களின் தொடக்கத்திலேயே மனித இன்சுலினைத் தாமே தயாரிக்கத் தொடங்கின. லில்லி பாக்டீரியாவிலும், நோவோ நார்டிஸ்க் ரொட்டி ஈஸ்டிலும் வளர்க்கும் இன்சுலினை இவை வேறு வகை ஈஸ்டுகளில் வளர்க்கின்றன. மூவர் கையில் சிக்கிய உலகச் சந்தையில் இவ்வளவு உள்நாட்டுத் திறன் உள்ள நாடுகள் மிகச் சில. 10.1 கோடி நீரிழிவு நோயாளிகள் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கண்ட நாட்டில், அந்தத் திறனை விலைக் குறைப்புக்கு மட்டுமின்றி வகைப் பன்மைக்கும் பயன்படுத்த முடியும்.

தமிழகத்தின் மருந்துக் கொள்முதல் முறையைப் பற்றி ஒரு சொல். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம், பொதுப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக வாங்கி, மலிவாக வழங்குவதில் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. வகுப்பில் அதைப் புகழ்ந்து பேசியவர்களில் நானும் ஒருவன், இன்றும் புகழ்வேன். அந்த முறையின் வலிமை, எல்லாம் ஒன்றுதான் என்ற அனுமானத்தில் இருக்கிறது. ஒவ்வாமை உள்ள ஏழை நோயாளிக்கு அந்த அனுமானமே சுவராகிறது. அரசு மருத்துவமனைகள் வெளிச்சந்தையில் உள்ளூர்க் கொள்முதல் செய்ய வழி இருக்கிறது. ஆனால் அது மருத்துவர் எழுதி, கண்காணிப்பாளர் ஏற்று, கோப்பு நகர வேண்டிய வழி. நாள் தவறாமல் மருந்து வேண்டியவருக்குக் கோப்பின் வேகம் போதாது. ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட நோயாளியின் பெயரில், ஆண்டு முழுவதற்குமான ஒதுக்கீட்டை ஒரே ஆணையில் வழங்கிவிடலாம். எண்ணிக்கை சிறியது, செலவும் சிறியது. இன்சுலின் போடும் ஒரு லட்சம் பேரில், ஆயிரத்தில் ஒருவர் என்று கொண்டால் நூறு பேர். அவர்களிலும் மருந்தின் வகையை மாற்றியே தீர வேண்டியவர்கள் மேலும் குறைவு.

அந்த நூறு பேர் யார், எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. மருந்துகளின் பாதகமான விளைவுகளைப் பதிவுசெய்ய, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையம் 2010 முதலான ஒரு தேசியத் திட்டத்தை ஒருங்கிணைக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் அதன் கண்காணிப்பு மையங்கள் உள்ளன. நோயாளிகள் தாமே நிரப்பக்கூடிய படிவம் தமிழிலும் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. அக்காவுக்கு நேர்ந்ததை நாங்கள் மூன்று இடங்களில் விவரித்தோம். மூன்று இடங்களிலும் மருந்தை மாற்றினார்களே ஒழிய, ஒருவரும் பதிவுசெய்யச் சொல்லவில்லை. படிவத்தைத் தேடி நிரப்பி அனுப்பியது நான். அதுவும் ஓய்வுபெற்றவனுக்கு நேரம் இருந்ததால். பதிவாகாத ஒவ்வாமை, மருந்தை நிறுத்த அனுமதி கேட்டு வரும் நிறுவனத்தின் முன்னால் அரசுக்கு ஒரு சான்றாகாது. யாருக்கும் பாதிப்பில்லை என்று நிறுவனம் கூறினால், மறுக்கத் தரவு வேண்டுமல்லவா?

விலைக் கட்டுப்பாட்டை இதற்காகக் கைவிட வேண்டும் என்று சில பொருளியல் நண்பர்கள் கூறுவார்கள். விலையை விட்டுவிட்டால் எல்லா வகையும் சந்தையில் இருக்கும் என்பது அவர்கள் வாதம். பல ஆண்டுகள் எந்தக் கட்டுப்பாடும் இன்றி இன்சுலின் விலை ஏறிய அமெரிக்காவிலேயே பன்றி இன்சுலின் நீடிக்கவில்லை என்பது அதற்கு விடை. நூறு பேருக்கான சந்தையை எந்த விலையும் காப்பாற்றாது. அங்கே சந்தைக்கு வெளியே ஓர் ஏற்பாடு வேண்டும். நிறுத்தும் அறிவிப்பில் துணைப்பொருள்களின் பட்டியலையும், அவை இல்லாத மாற்று எது என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையில் இரண்டு வரிகள் சேர்ப்பது ஒரு தொடக்கம். ஒப்புக்கொள்ளத்தக்க மாற்று இல்லையெனில், ஓராண்டு நீட்டிப்பை ஆணையிடும் அதிகாரத்தை அரசு பயன்படுத்தட்டும். அந்த ஓராண்டுக்குள் உள்நாட்டு நிறுவனம் ஒன்றிடம் சிறு அளவு உற்பத்திக்கு உறுதியளித்த விலையில் ஒப்பந்தம் செய்யலாம். தடுப்பூசிகளுக்கு உலகம் இதைச் செய்திருக்கிறது.

புரோட்டமின் பற்றி இன்னொன்றையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒவ்வாமை நிபுணர் சொன்ன பிறகே தெரிந்தது. இதய அறுவைச் சிகிச்சையில் இரத்தம் உறையாமலிருக்கச் செலுத்தும் ஹெப்பாரினின் செயலை முடிவில் முறிப்பதற்கும் இதே புரோட்டமினைத்தான் பயன்படுத்துகிறார்கள். புரோட்டமின் கலந்த இன்சுலினை நெடுநாள் போட்டவர்களுக்கு அந்த நேரத்தில் கடும் எதிர்வினை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நீரிழிவும் இதய நோயும் எவ்வளவு நெருங்கிய கூட்டாளிகள் என்பது நமக்குத் தெரியும். இன்சுலினால் தடிப்பு வந்த எவரும், பின்னாளில் எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அக்கா தமது கைப்பையில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்திலும் தமிழிலும்.

அன்று காலை அவர் கேட்ட கேள்விக்கு, நிறுத்தப்படும் பட்டியலில் அவரது மருந்து இல்லை என்று பதில் சொன்னேன். "இப்போதைக்கு இல்லேன்னு சொல்லு" என்று திருத்தினார். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதத்துக்கான இருப்பு வைத்திருக்கிறார். மின்வெட்டு நேரங்களில் அதை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி, மின்னாக்கி உள்ள மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்.